கருப்புச் சாயமும் கலப்பு உப்பும்

திருப்பூர் சாயப்பட்டறைக்குள் மதியத்தில் நுழைந்தால் வெக்கை முகத்தில் அறைகிறது. சாஃப்ட் ஃப்ளோ மிஷின்கள் இரைகின்றன. உள்ளே பின்னலாடைத் துணி கயிறுபோலச் சுற்றி வருகிறது. ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உப்பு மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். முகமூடி தாடைக்குக் கீழே கிடந்தது. சாயத்தூள் எடைபோடும் அறையில் மட்டும் அதை மேலே ஏற்றிக்கொள்கிறார். ரியாக்டிவ் சாயத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும்.

இத்தனை உப்பு எதற்கு என்று டையிங் மாஸ்டரிடம் கேட்டேன்.

“உப்புப் போட்டாத்தானுங்க சாயம் தண்ணிய விட்டுட்டுத் துணிப்பக்கம் போகும். அப்பறம் சோடா போட்டாத்தான் புடிக்கும்.”

வெளிர் நிறங்களுக்குக் கொஞ்சம் போதும். கருப்புக்கும் கருநீலத்துக்கும் லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. அதில் எதுவும் துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவுநீரில்தான். ஒட்டாத சாயமும் அதோடு சேர்ந்து போகிறது.

துணியில் நஞ்சு என்றதும் உடுத்துபவரின் தோல்தான் நம் நினைவுக்கு வருகிறது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாகப் பிரியக்கூடிய அசோ சாயங்களுக்கு எதிராக ஜெர்மனி 1994-இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 1997-இல் 70 அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. ஏற்றுமதியாளர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். சரக்கு திரும்பி வந்துவிடுமே என்ற பயம். பட்டறைக் கழிவுநீர் போய்ச் சேர்ந்த நொய்யல் ஆற்றுக்காக அப்படிப் பயப்பட யாரும் இல்லை.

பாசனத்துக்காக 1992-இல் அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணைத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பதுதான் மறுபடி திறப்பதற்கான நிபந்தனை.

நான் பார்க்க வந்ததே அதற்கான சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். மை கலந்ததுபோல் வரும் நீரிலுள்ள அழுக்கை முதலில் நுண்ணுயிர்கள் தின்கின்றன. ஆர்.ஓ. சவ்வு வடித்துத் தரும் நீர் திரும்பவும் பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கியில் காய்ச்சிக் கிளாபர் உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். அதுவும் மறுபடி சாயத் தொட்டிக்கு. இவ்வளவுக்கும் பிறகு, எதற்கும் ஆகாத கலப்பு உப்பு என்று ஒன்று மிஞ்சுகிறது. கொட்டகையில் அதன் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

“எங்கே கொண்டுபோவீங்க?”

“இங்கயேதானுங்க அடுக்கி வெச்சிருக்கோம். மழத்தண்ணி படாமப் பாத்துக்கோணும்,” என்றார் ஆபரேட்டர்.

உப்பே வேண்டாத கோல்ட் பேட் பேட்ச் முறையும் இருக்கிறது. சாயமும் காரமும் கலந்த கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, சுருட்டி, மணிக்கணக்கில் ஊறவிட்டால் போதும். ஆனால் அதற்குத் தனி மிஷின் வேண்டும், பெரிய லாட் வேண்டும். சின்னச் சின்ன ஆர்டர்களை நம்பி ஓடும் பட்டறைக்குக் கட்டாது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பசுமைச் சான்றிதழ் கேட்கின்றன. விலையில் மட்டும் பைசா ஏற்றுவதில்லை. ஆவியாக்கிக்கு எரிக்கும் விறகுக்கு யார் காசு கொடுப்பது? சுத்திகரிப்புச் செலவை பில்லில் தனி வரியாகவே போட வேண்டும் என்பது என் எண்ணம். முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார்.

“அப்பிடிப் போட்டா ஆர்டரு பங்களாதேசுக்குப் போயிருமுங்க.”