இரண்டு பக்கமும் தலையாட்டினேன்

நான் ஒரு மனுவில் கையெழுத்து போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகும் லூப் சாலையில், ரோட்டோரம் மீன் விற்பவர்களை அப்புறப்படுத்தச் சொன்ன மனு அது. அதே வாரம் அதே ரோட்டோரத்தில் மீன் வாங்கியபடி, “உங்களை எடுக்கச் சொல்றது அநியாயம்க்கா” என்றும் சொன்னேன். எந்தப் பக்கம் தப்பு என்று பேச நான் வரவில்லை. இரண்டு பக்கமும் என்னை நம்பியது என்பதுதான் என் குற்றம்.

2023 ஏப்ரலில் அந்தச் சாலை விவகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது. அந்தச் சாலையோரத்து மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்தின் மக்கள் படகையும் வலையையும் ரோட்டில் போட்டு மறித்தார்கள். வீட்டுக்கு வீடு அதே பேச்சு. நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கினால் யார் பொறுப்பு என்றார்கள் குடியிருப்புக்காரர்கள். மீன் கழுவின தண்ணீர் ரோட்டில் ஓடுகிறதே என்றார்கள் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள். நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா என்னிடமே கேட்டார்: “நீயே சொல்லு சார், குப்பம் முன்னாடி வந்துச்சா, ரோடு முன்னாடி வந்துச்சா? நாங்க வலை காயப்போட்ட மண்ணு சார் இது.” ஒவ்வொருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. யாரிடம் நின்றேனோ அவர்கள் நியாயத்துக்குத் தலையாட்டினேன்.

எங்கள் குடியிருப்போர் கூட்டம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்தது. வரும் வழியில் வாங்கிய சங்கரா மீன், பையோடு கீழே என் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கியது. மனுவை வாசித்து முடித்த பெரியவர், “நம்ம பில்டிங்ல யாரும் அங்க வாங்குறது இல்லதானே?” என்று பொதுவாகக் கேட்டார். நான் செல்போனைப் பார்த்தேன். “குடியிருப்போர் அனைவரும் ஒருமனதாக” என்று தொடங்கிய தாள் என்னிடம் வந்தது. பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா கேட்டு வாங்கிப் போட்டேன். மறுத்துவிட அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்தப்போகிறோம் என்று படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்த முயன்றபோது போலீஸ் சுட்டதும், மீனவர்கள் உயிர் போனதும் எனக்குத் தெரியும். கடற்கரையைச் சீராக்கப்போகிறோம் என்ற பேச்சைக் கேட்டாலே அந்தக் குப்பங்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் பெரும்பாலானோர் கையெழுத்து போட்டிருப்பார்கள். ஆனால் அந்த ‘ஒருமனதாக’ அடிபட்டிருக்கும்.

ஏன் சொல்லவில்லை? பெரிய காரணம் ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் அந்தப் பெரியவர்தான் ஆளைப் பிடித்து வரவழைப்பார். அக்காவோ கூறு போட்டு முடித்ததும் கொசுறாக ஒரு கை நெத்திலி அள்ளிப் போடுவார். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைத்தான் ‘நான் நடுநிலை’ என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் எனக்கென்று ஒரு கருத்து இல்லாமல் இல்லை. சாலை வேண்டும், விற்பனையும் அங்கேயே வேண்டும். நெரிசலான நேரத்தில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி இரண்டையும் நடத்தலாம் என்றே முதலிலிருந்து நினைத்தேன். அதைச் சொன்னால் மாடியிலும் முகம் சுளிப்பார்கள், ரோட்டோரத்திலும் முகம் சுளிப்பார்கள். அதனால் விழுங்கிவிட்டேன். கடைசியில் நீதிமன்றத்தில் வந்த இடைக்கால ஏற்பாடும் ஏறக்குறைய அதுதான்: அவர்களுக்கென்று கட்டிக்கொண்டிருந்த மீன் சந்தை முடியும்வரை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் விற்கலாம். வெயிலில் மறியல் செய்தவர்களும், பெயர் போட்டுப் புகார் கொடுத்தவர்களும் முட்டி மோதியதில் கிடைத்தது அது. அதில் என் பங்கு என்று எதுவும் கிடையாது.

2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நொச்சிக்குப்பம் நவீன மீன் சந்தை திறந்தார்கள். அதிலும் கருத்து ஒன்றாகவில்லை. வெயில் இல்லை, தண்ணீர் வசதி இருக்கிறது என்கிறார்கள் சிலர். வண்டியை ஓரம் கட்டி ஒரு பார்வை பார்த்து வாங்கிப் போன ஆட்கள் உள்ளே வருவதில்லை என்கிறார்கள் சிலர். அக்கா இரண்டாவது கட்சி. போன தடவை என்னிடம் அதைச் சொன்னபோது, “ஆமாக்கா, கஷ்டம்தான்” என்றேன். படி ஏறும்போது பெரியவர், “இப்பதான் ரோடு ரோடா இருக்கு” என்றார். “ஆமா சார்” என்றேன்.

அதாவது நான் இன்னும் திருந்தவில்லை. மனுவில் என் கையெழுத்து இருந்ததை அக்காவிடமோ, நான் அங்கேதான் மீன் வாங்குகிறேன் என்பதைப் பெரியவரிடமோ இதுவரை சொல்லவில்லை. மெரினாவைச் சீராக்கும் திட்டம் இதோடு நிற்காது. அடுத்த மனுவும் வரும். அன்றைக்குக் குறைந்தபட்சம், “இதில் எனக்கு உடன்பாடில்லை, அனைவரும் என்பதை அடித்துவிடுங்கள்” என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்வேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் படிக்கக்கூடிய இடத்தில் இதை எழுதுகிறேன்.