பேயாகக்கூட வராதவர்கள்

"பேய்க் கதை வைத்திருக்கும் நேயர்கள் அழைக்கலாம்" என்று ஓர் இரவு நிகழ்ச்சியில் சும்மா சொல்லிவைத்தேன். அன்றைக்கு தொலைபேசி ஓயவே இல்லை. பேராக்கிலிருந்து அழைத்தவர்கள் பலரும் ஒரே முகவரியைத்தான் சொன்னார்கள்: பத்து காஜா, கெல்லி கோட்டை.

எனக்குப் பேய் வீடு புதிதல்ல. 2018இல் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவின் ஹாலோவீன் இரவில் 'பொந்தியானாக்' பேய் வீட்டுக்குள் போய், நண்பனின் சட்டையைக் கிழித்த ஆள் நான். அந்தப் பேயை 1957இல் திரையில் முதலில் உலவவிட்டவர் பி.என். ராவ். கேரளத்தில் பிறந்தவர், 'ரம்பையின் காதல்', 'சாலிவாகனன்' என்று தமிழ்ப் படங்கள் எடுத்துவிட்டு சிங்கப்பூர் வந்தவர். மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்தின் பிரதி தொலைந்துவிட்டது. ஆனால் பயம் மட்டும் தொலையவில்லை.

போன மாதம் அம்மாவையும் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து கிளம்பினேன். கோப்பேங் சாலையில் அரை மணி நேரம். சாலையோரச் சிற்றாற்றுக்கு அப்பால் மேட்டின் மேல் செங்கல் நிறத்தில் நிற்கிறது கோட்டை. பையன் பன்னிரண்டு வயது, கையில் கைப்பேசி கேமரா.

"மாமா, பேய் எப்ப வரும்?"

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல, வரும்டா."

சிங்கப்பூர் பேய் வீட்டில் பத்தடிக்கு ஒருவர் குதித்து வந்தார். இங்கே யாரும் குதிக்கவில்லை. கதவில்லாத வாசல்கள், பூசி முடிக்காத சுவர்கள், எங்கோ இறங்கும் குறுகிய படிகள். லிஃப்ட் வைக்கத் திட்டமிட்ட கோபுரத்தில் காற்று மட்டும் ஏறி இறங்குகிறது. மதியம் இரண்டு மணிக்கே முதுகு சில்லிடுகிறது.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, காட்டை அழித்துக் கித்தா நட்டுப் பணக்காரரானார். தோட்டத்தின் பெயர் கிந்தா கெல்லாஸ். 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கியபோது மதராஸிலிருந்து 70 கட்டடத் தொழிலாளர்களைக் கூட்டி வந்தார். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்துதான் வந்தன. பிறகு உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் இங்கும் வந்து, தொழிலாளர் பலரைக் கொண்டுபோனது. மாளிகை முடியும் முன்பே, 1926இல், துரையும் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார்.

நேயர்கள் சொன்ன கதைகளில் துரை தாழ்வாரத்தில் நடக்கிறார். அவர் மகள் ஹெலன் படுக்கையறையில் நிற்கிறாள். போர்க்காலத்து ஜப்பானியச் சிப்பாயும் சிலருக்குத் தெரிகிறார். மாடியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: துரை செத்தது லிஸ்பனில், ஆவி வந்து உலவுவது பத்து காஜாவில். இந்த மண்ணிலேயே காய்ச்சலில் செத்த நம் ஆட்கள் ஒருவர்கூட எந்தக் கதையிலும் வரவில்லை. பேயாக வருவதற்கும் ஒரு பெயர் வேண்டும் போலிருக்கிறது.

அம்மா இவ்வளவு நேரமும் ஒரு சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"விடியக் காலையில நெத்தி விளக்கக் கட்டிக்கிட்டு எங்கம்மா தனியா மரம் வெட்டப் போகும். பேய்க்குப் பயந்தா பெரட்டுல பேர் விழுமா? பேர் விழலன்னா அன்னிக்குச் சம்பளம் கிடையாது. அதுதான்டா பயம்."

பையன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான்.

காய்ச்சல் நேரத்தில் தொழிலாளர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, துரை கட்டிக்கொடுத்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. அந்த மாரியம்மன் கோயில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கும் போனோம். கூரை மேல் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நிற்கிறார். நன்றி மறக்காதவர்கள் வைத்த சிலை. வைத்தவர்களுக்குத்தான் சிலை இல்லை.

அம்மா சூடம் ஏற்றினார். "யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்றேன். சற்று யோசித்தவர், "பேர் தெரியாதவங்களுக்குன்னு மனசுல வேண்டிக்கிட்டேன். அம்மாளுக்குத் தெரியும்" என்றார்.

நீங்களும் பிள்ளைகளோடு போய் வாருங்கள். கோட்டையோடு திரும்பாமல் கோயிலையும் பாருங்கள். வீட்டில் தோட்டத்துப் பெரியவர் இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். நானும் நிகழ்ச்சியில் அடுத்த முறை பேய்க் கதை கேட்கப்போவதில்லை. "உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டம், அவர்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்கப்போகிறேன். தொலைபேசி ஓயாது என்று நம்புகிறேன்.