கிளி ஏன் சுருங்கியது?

ஒரு கிளிக்காக அம்மாகிட்ட திட்டு வாங்கியிருக்கீங்களா? நான் வாங்கியிருக்கேன்.

எங்க ஊர் ராஜபாளையம். பக்கத்துல இருக்கிற தளவாய்புரம் நைட்டிக்குப் பேர் போன ஊர். அம்மாவும் வீட்டிலேயே தையல்தான். ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினும் உண்டு. போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா ஒருத்தங்க, தேரன்னைக்குப் போட்டுக்க, ஜாக்கெட் கையில் ஆண்டாள் கிளி கேட்டாங்க. தினமும் இலைகளால் புதுசா செய்து ஆண்டாள் கையில் வைப்பார்களே, அந்தக் கிளி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்த நான், "நீங்க சமைங்கம்மா, நான் போடுறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக்கல் படிக்கிற திமிர்!

கிளி அழகாகத்தான் வந்தது. பிரேமைக் கழற்றியதும் சுற்றிலும் துணி நெளிந்து சுருங்கிப்போச்சு. அயர்ன் பண்ணியும் போகலை. சேலையோடு வந்த ஜாக்கெட் பிட் அது. வேற துணி கிடையாது.

டென்ஷன் குமிழைத் திருகப் போனேன். அம்மா துணியைத் திருப்பிப் பார்த்தாங்க. அடியில் பாபின் நூல் நடுவே மூன்றில் ஒரு பங்கு தெரிந்தது. "டென்ஷன் சரியாத்தான்டா இருக்கு. நீ என்ன செஞ்ச, அதைச் சொல்லு."

சொன்னேன். மூன்று தப்பு.

முதல் தப்பு, 10 செ.மீ. டிசைனை லேப்டாப்பில் 7 செ.மீ. ஆகச் சுருக்கியது. பரப்பு பாதியாச்சு, தையல் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அதாவது நெருக்கம் இரண்டு மடங்கு. அவ்வளவு நூலும் உள்ளே நுழைந்தால் துணி எங்கே போகும்?

இரண்டாவது, மேளத் தோல் மாதிரி விறைப்பா இருக்கணும்னு நாலு மூலையையும் பிடிச்சு இழுத்தது. பருத்தித் துணி நூலோட்டத்தில் அவ்வளவா இழுபடாது, கிராஸில் நல்லாவே இழுபடும். இழுபட்ட நிலையிலேயே தைச்சிட்டேன். பிரேமை விட்டதும் துணி பழைய அளவுக்குத் திரும்பியது, தையல் திரும்பவில்லை. எலாஸ்டிசிட்டி பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான்.

மூன்றாவது, அடியில் வைக்கிற பேப்பரைச் சும்மா செருகியது. பேப்பரும் துணியோடு சேர்ந்து பிரேமில் பிடிபட்டிருக்கணும்.

அம்மா அந்த அக்காவுக்குப் போன் போட்டு, மறைக்காமல் சொன்னாங்க. வேறு கலர் துணி வாங்கி கைகளைத் தைத்து, அதிலேயே கிளியும் போட்டுக் கொடுத்தாங்க. கூலி வாங்கலை. துணிக்காசும் அம்மாதான். என்னைத் திட்டினது ஒரே வரி: "வேஸ்ட் துணியில ஒரு தடவை போட்டுப் பார்க்க உனக்கு என்னடா கேடு?"

பதில் சொல்ல முடியலை. ப்ராஜெக்ட்டில் சிமுலேஷன் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டோம். வீட்டு வேலைன்னா மட்டும் அது தேவையில்லைன்னு எப்படித் தோணுச்சு?

அந்தச் சுருங்கின கிளி இப்போ என் ஹாஸ்டல் மேஜை மேல இருக்கு. ரூமுக்கு வந்தால் பாருங்க. உங்க வீட்டிலும் மெஷின் இருந்தால், முதல்ல வேஸ்ட் துணி. மறந்துடாதீங்க.