சுவருக்கும் சீசன் உண்டு மக்கா!

உங்க ஹாஸ்டல் ரூம் சுவர்ல இப்போ என்ன இருக்கு? கிரிக்கெட் ஸ்டார் போஸ்டரா, சீரியல் லைட்டா, இல்லை இன்டர்னல் டைம்டேபிளும் மெஸ் மெனுவும் மட்டும்தானா? எதுவா இருந்தாலும் சரி, அஞ்சு நிமிஷம் இங்கே வாங்க. ஒரு அழகான சுவரைக் கெடுத்த கதை சொல்றேன். கெடுத்தது வேற யாரும் இல்லீங்க... நானேதான்!

எனக்கு ஊர் வேம்பார். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு வடக்கே வந்தா, ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கு. கடைகள்ல 'வேம்பார் கருப்பட்டி'னு போர்டு பார்த்திருப்பீங்களே, அதே ஊர்தான். ஒரு பக்கம் பனங்காடு, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. முத்துக்குளித்துறையோட பழைய ஏழு கடல்துறைகள்ல எங்க ஊரும் ஒண்ணு. (பெருமை பீத்திக்கலைன்னா தூக்கம் வராது பாஸ்!)

எங்க வீடு தாத்தாவோட அப்பா கட்டினது. பவளப்பாறைக் கல்லு, சுண்ணாம்புக் காரை. முன் அறையில 'ஹோம் டெக்கரேஷன்'னு யாரும் எதையும் வாங்கி வெச்சதில்லை. ஆனா, காலண்டர் இல்லாமலே அந்த அறையைப் பார்த்து மாசம் சொல்லிடலாம்.

மாதா படத்துக்குப் பின்னாடி குருத்தோலைச் சிலுவை சொருகியிருக்கும். குருத்து ஞாயிறு அன்னிக்கு வரும், ஒரு வருஷம் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னாடி கோயிலுக்குத் திரும்பிப் போகும். அதை எரிச்ச சாம்பலைத்தான் எங்க நெத்தியில பூசுவாங்க. மூலையில ஆச்சியோட பனை ஓலைப் பெட்டி. பதநீர் சீசன்ல கருப்பட்டி நிறைஞ்சிருக்கும், சீசன் முடிஞ்சா தையல் நூலும் பட்டனும் குடியேறிடும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி போயிட்டு வந்தா, கடைத்தெருவுல வாங்கின ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து கண்டிப்பா சேரும். டிசம்பர்ல ஸ்டார், குடில். குடிலுக்குக் கூரை பனை ஓலை, தரை எங்க கடற்கரை மணல்.

வருஷம் முழுக்க இடம் மாறாம இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஜன்னல் திட்டுல ரெண்டு முத்துச்சிப்பி.

அது 1961-ஆம் வருஷத்துச் சிப்பி. தூத்துக்குடிக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது அந்த வருஷம்தான். தாத்தாவுக்கு அப்போ இருபது வயசு. கயித்துல கட்டின கல்லுல காலை வெச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடியில இறங்குவாங்க. சிலிண்டரும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அள்ளின வரைக்கும் அள்ளிக்கிட்டு மேலே வரணும். 'அடுத்த வருஷமும் சலாபம் வரும்'னு தாத்தா செட் ஆளுங்க காத்திருந்தாங்க. வரவே இல்லை. சிப்பி குறைஞ்சு போச்சு, அரசாங்கம் அறிவிக்கலை. அப்புறம் தாத்தா மீன்பிடிக்கப் போயிட்டார். 'முத்து கிடைச்சுதா தாத்தா?'னு கேட்டா, 'சிப்பி கிடைச்சுதுல்லா?'ன்னு சிரிப்பார்.

கடல்தொழிலை விட்ட பிறகு தாத்தாவுக்குன்னு வீட்ல மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறது! கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி, பானையில தண்ணி ஊத்தித் தாளிப்பார். அது புஸ்ஸுனு கொதிக்கும். சின்ன வயசுல அந்தப் பானையைச் சுத்தித்தான் எங்க கிறிஸ்துமஸே ஆரம்பிக்கும். ஆறினதும் துணியில வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித்தண்ணி, ரெண்டு சொட்டு நீலம். பனந்தும்புல அவரே கட்டின பிரஷ். ரெண்டு நாள்ல வீடு பளிச்!

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஃபர்ஸ்ட் இயர் டிசம்பர் லீவு. ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட்ஸ் ரூம், ரீல்ஸ்ல வர்ற வீடுகள் எல்லாம் பார்த்து எனக்கு ஒரே ஏக்கம். டியூஷன் எடுத்துச் சேர்த்த 6,000 ரூபா கையில இருந்தது. லாவண்டர் கலர் எமல்ஷன் பெயின்ட் வாங்கிட்டேன். தாத்தா கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்து, சுவர்ல இருந்தது, திட்டுல இருந்தது எல்லாத்தையும் சாக்குல போட்டு மாடிக்கு ஏத்திட்டேன். தம்பியும் நானும் ரெண்டே நாள்ல அடிச்சு முடிச்சோம். 'சர்ப்ரைஸ்!'

தாத்தா வாசல்ல நின்னு பார்த்தார். 'நல்லாருக்கு ஏட்டி'ன்னார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்ல எல்லாரும் ஏதோ ஒரு வேலையா ஓடிக்கிட்டிருந்தோம். 24-ஆம் தேதி காலையில ஆச்சி அடுப்புல எட்டிப் பார்த்தா, தும்புப் பிரஷ் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. தாத்தாதான் போட்டிருக்கார். 'இனிமே எதுக்கு?'ன்னு மட்டும் சொன்னார். எனக்கு அப்போகூட முழுசாப் புரியலை மக்களே.

புரிய வெச்சது சுவர். தவக்காலம் வர்றதுக்குள்ளே லாவண்டர்ல கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு. தொட்டா உதிருது. பெயின்ட் கடைக்காரரைத் திட்டிக்கிட்டே காலேஜ் போனேன். நான் சிவில். செகண்ட் இயர்ல கட்டுமானப் பொருட்கள் பாடம் நடத்தும்போதுதான் மண்டையில மணி அடிச்சுது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். எங்க சுவர்லயோ கடல் உப்பு வேற. நான் என்ன பண்ணேன்? அதுமேல பிளாஸ்டிக் சட்டை மாதிரி எமல்ஷனைப் போட்டு மூடிட்டேன். வெளியே வர வழியில்லாத ஈரம் உள்ளே நிக்க, உப்பு படிகமாகி பெயின்ட்டைத் தள்ளிடுச்சு. தப்பு கடைக்காரர் மேல இல்லை!

இன்னொண்ணும் படிச்சேன். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில சுட்டுத் தண்ணியில தாளிச்சா சுண்ணாம்பு. சுவர்ல அடிச்சதும் அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிடும். அதாவது, சிப்பி திரும்பவும் சிப்பியோட பொருளாவே ஆகிடுது! முத்துலயும் பெரும்பங்கு அதேதான். தாத்தா வருஷா வருஷம் எங்க வீட்டுக்குள்ளே ஒரு சிப்பியை அடுக்கு அடுக்கா வளர்த்துக்கிட்டு இருந்திருக்கார்.

செமஸ்டர் லீவுல உதிர்ந்த துண்டு ஒண்ணைக் கையில எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். மேலே லாவண்டர். கீழே வெள்ளை, லேசா நீலம், மறுபடி வெள்ளை... நான் பொறந்த வருஷம் அடிச்சது எந்த அடுக்கோ, அப்பா கல்யாணத்துக்கு அடிச்சது எதுவோ. கண்ணு கலங்கிடுச்சு.

மாடிக்கு ஓடிப் போய்ச் சாக்கைப் பிரிச்சேன். ஓலைப் பெட்டியில கரையான். குருத்தோலை தூள் தூள். ரெண்டு சிப்பியையும் காணோம்! அழுதுக்கிட்டே கீழே வந்து ஆச்சிகிட்ட சொன்னா, ஆச்சி தாத்தா கட்டிலைக் கை காட்டினாங்க. தலையணைக்கு அடியில பத்திரமா இருந்தது.

'தாத்தா, தப்புப் பண்ணிட்டேன். இந்த வருஷம் வெள்ளையடிப்போமா?'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம், 'தும்பு வாங்கிட்டு வா'ன்னார்.

போன டிசம்பர்ல பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவே மூணு நாள் ஆச்சு. எண்பதைத் தாண்டின தாத்தாவால ஏணி ஏற முடியாது. அதனால ஏணியில நான், கீழே ஸ்டூல்ல அவர். 'அங்கன விட்டுட்ட பாரு', 'கையை மேலேர்ந்து கீழே இழு'ன்னு ஒரே அதிகாரம். வைவா வெக்கிற சார்கூட அவ்வளவு கேள்வி கேட்டதில்லை!

சரி, உங்க ரூமுக்கு வருவோம். காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு ரவுண்டு வாங்க. அம்மாவோட பழைய சேலை ஜன்னல் திரையாகும், அப்பாவோட டிஃபன் கேரியர் டப்பா பேனா ஸ்டாண்ட் ஆகும். ஆனா, எடுக்கறதுக்கு முன்னாடி 'இது யாரோடது?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் கேட்காம விட்டது அது ஒண்ணைத்தான். எங்க ஊர்ப் பக்கம் வந்தா பவளப்பாறைத் துண்டை ஷோகேஸுக்குன்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க. எங்க கொள்ளுத்தாத்தா காலம் வேற. 1986-லேர்ந்து இங்கே 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கியிருக்காங்க, அதுல மூணு எங்க வேம்பார் கூட்டம். 2001-லேர்ந்து வனவிலங்குச் சட்டப்படி பவளப்பாறையை எடுக்கவே கூடாது.

கடைசியா ஒரு விஷயம். வெள்ளையடிச்ச அன்னிக்குச் சுண்ணாம்புல நீலம் விடும்போது, எப்பவும் போல ரெண்டு சொட்டோட தாத்தா நிறுத்தலை. மூணு, நாலு, அஞ்சுன்னு விட்டுக்கிட்டே போனார். 'போதும் தாத்தா, கலர் மாறிடும்'னு கத்தினேன்.

தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கலை. 'உனக்கு அந்த ஊதாக் கலருதானட்டி புடிக்கும்?'