கண்ணமங்கலத்துத் தேநீர்க்கடை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால் கண்ணமங்கலம் வருகிறது. மேற்கே சவ்வாது மலை நீலச் சுவராக நிற்கிறது. மலையில் பிறந்து வரும் நாகநதி மழைக்காலத்தில் மட்டும் தன்னை நினைவூட்டிவிட்டு, எஞ்சிய நாட்களில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. காட்பாடி - விழுப்புரம் இருப்புப் பாதையில் ஊருக்கு ஒரு நிலையம் உண்டு. ஆயினும் ஊரின் உயிர்த்துடிப்பைக் காண விரும்புவோர் பேருந்து நிறுத்தத்திற்கே செல்லவேண்டும். ஆரணிக்குப் பிரிவோரும் போளூர் செல்வோரும் அங்கே கூடுவர். சாமையும் புளியும் தேனும் கொண்டு இறங்கிவரும் மலையாளிப் பழங்குடி மக்களையும் காணலாம். (பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என எண்ணிவிடல் ஆகாது; இவர்கள் மலையை ஆளும் தமிழர்.) ஆடி வெள்ளிகளிலோ, படவேட்டு ரேணுகாம்பாள் கோவிலுக்குச் செல்லும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அத்தகைய ஓர் ஆடி வெள்ளியன்று காலையில்தான் நாம் அங்கு இறங்கினோம். போளூருக்கு வேறு பேருந்து பிடிக்கவேண்டும், பசியோ தாளவில்லை. நிறுத்தத்தை அடுத்த சிறு கடையொன்றில் இருபது பேர் ஒரே குரலில் இட்லி கேட்டுக்கொண்டிருந்தனர். நாமும் கல்லாப் பலகையில் நாணயத்தைத் தட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். கடைக்கார இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "இட்லி வேக இன்னும் பத்து நிமிடம் ஆகும், சாமி. போளூர் வண்டி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். டீ என்றால் இரண்டு நிமிடம்" என்றார். குரலில் சினமும் இல்லை, குழைவும் இல்லை. நாம் தேநீர் அருந்தினோம். வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை. ஆகவே இட்லிக்கும் உரையாடலுக்கும் நேரம் வாய்த்தது.

2012 முதல் ஏழு ஆண்டுகள் அவர் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பகுதியில், பணம் அனுப்பும் கடையொன்றின் முகப்பில் பணிபுரிந்தவராம். அங்குள்ள நம் தொழிலாளருக்கு ஞாயிறு ஒன்றே விடுமுறை. தொலைவிலுள்ள விடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் லிட்டில் இந்தியாவிற்கு வந்து, அந்த ஒரு பொழுதிற்குள் காய்கறி வாங்கி, நண்பரைக் கண்டு, ஊருக்குப் பணம் அனுப்பித் திரும்பவேண்டும். சிலர் 1888-இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி கண்டபின் வருவர். அனைவருக்கும் அவசரம். முகப்பில் இருப்பவரோ அவசரப்படலாகாது. வங்கிக்குரிய ஐ.எஃப்.எஸ். குறியீட்டில் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் சுழியம். அதை 'ஓ' என்னும் எழுத்தாக எழுதி வருவோர் பலர். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் பணம் நாட்கணக்கில் நடுவழியில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பின்னால் கூச்சல் எழும்.

2013 டிசம்பர் 8, அதுவும் ஒரு ஞாயிறு. ரேஸ்கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கலவரம் மூண்டு வாகனங்கள் எரிந்தன. அதன்பின் பல மாதம் வரிசையில் எவரேனும் குரல் உயர்த்தினாலே தமக்கு உள்ளூர அச்சம் எழுந்தது என்றார் இளைஞர். "பயந்தவன்தான் சாமி, முதலில் கடுமையாகப் பேசுகிறான்."

அப்படி அவரும் ஒருநாள் பேசிவிட்டார். அவசரம், அவசரம் என்று மூன்று முறை கத்திய ஒருவரிடம் படிவத்தைத் திருப்பித் தள்ளி, "அவ்வளவு அவசரமென்றால் வேறு கடைக்குப் போ" என்றாராம். அவரும் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அதே மனிதர் வரிசையில் ஓசையின்றி நின்றார், மழித்த தலையுடன். அன்று அனுப்ப வந்தது தாயின் மருத்துவச் செலவிற்கு.

"நான் கேட்டபிறகுதான் சொன்னார், சாமி. 'அன்றைக்கே போயிருந்தாலும் அம்மா பிழைத்திருக்கமாட்டாள், விடு தம்பி' என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்."

இதைச் சொல்லும்போது அவர் கைகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே இருந்தன. நாம் எதுவும் பேசவில்லை.

அதுமுதல் "இதோ ஆச்சு" என்னும் சொல்லை அவர் விட்டுவிட்டாராம். அது பொய், கேட்பவரும் பொய்யென்று அறிவார். "உங்களுக்கு முன் பதினாறு பேர், நாற்பது நிமிடம் ஆகும்" என்று உள்ளதைச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்களாம். சிரிப்பதையும் குறைத்துக்கொண்டார், அவசரத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு கேலியாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. குருமடத்தில் பொறுமை பற்றி நாம் நெடிய பாடங்கள் கேட்டதுண்டு. "இதோ ஆச்சு" என்பது அதற்குப் பகை என எவரும் கற்பித்ததாக நினைவில்லை.

இடையில் மீண்டும் ஒரு கூட்டம் இறங்கியது. அத்தனை கூச்சலிலும் அவர் கண்கள் தூணோரம் நின்ற மலைக்காரப் பாட்டியிடம் சென்றன. புளிமூட்டையை இறக்கிவைத்துவிட்டு எதுவும் கேளாமல் நின்றிருந்தார். "ஆயா, ரெண்டு இட்லியா? நீங்கதான் முதலில் வந்தீங்க" என்று அவருக்கே முதலில் இலையிட்டார். முன்வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். பின்னர் அவரே மூட்டையைச் சற்று நகர்த்திப் பாட்டி அமர வழிவிட்டார்.

அடுத்த போளூர் வண்டி வந்து நின்றது. நாம் பையை எடுத்துக்கொண்டோம்.

"சாமி, பத்து நிமிடம் என்று சொன்னேன், இட்லி வர பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது. அடுப்பு இன்றைக்கு மந்தம்" என்றார் அவர்.