பின்சக்கரம் ஏன் சுற்றவில்லை?

அக்கா வீட்டுக் கார் ஒருவழியாக ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. போனில் விசாரித்த எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அத்தான் காலமான பிறகு இரண்டு வருஷம் அந்த வண்டியை யாரும் தொடவில்லை. விற்கவும் அக்காவுக்கு மனசு வரவில்லை. இப்போது மகள் ஓட்டப்போகிறாள் என்றதும் புது பேட்டரி போட்டோம்; என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது. வண்டிதான் நகரவில்லை. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற வண்டி வேறென்ன செய்யும்!

“சார், ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துங்க, விட்டுரும்” என்றார்கள் தெருவில். டிஸ்க்கும் பேடும் துருவால் ஒட்டியிருந்தால் படக்கென்று விட்டுவிடும்தான். காலிபரே இறுகியிருந்தால்? பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். டிஸ்க் கொதிக்கும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கும். கொதித்தால் ஆவிக்குமிழி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாஸ்கல் விதி நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அந்தப் பெடலில் கால் வைக்கப்போகிறவள் அக்கா மகள்.

அதனால் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கி கொடுத்துக் கழற்றினோம். இடது பக்கம் வெறும் துரு ஒட்டல். மரச்சுத்தியால் தட்டியதும் விட்டது. வலது பக்கம் வழிக்கு வரவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழற்றியும் காலிபர் லீவர் திரும்பவில்லை. பிளீடர் நிப்பிளைத் தளர்த்தினோம். ஆயில் வந்தது, சக்கரம் அசையவில்லை. அப்படியானால் அடைபட்ட அழுத்தம் காரணமில்லை, காலிபருக்குள்ளேயே இறுகிவிட்டது.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. பெடலை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக வளையும்; விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அதற்கெனத் தனி ஸ்பிரிங் கிடையாது. துருவேறிய பிஸ்டனை அந்தச் சின்ன ரப்பர் எப்படி இழுக்கும்?

இந்த மாதிரிப் பின் காலிபரில் பிஸ்டனுக்குள்ளே ஹேண்ட்பிரேக்குக்கான திருகு இருக்கிறது. முன் காலிபர் போல கிளாம்ப் வைத்து நெருக்கினால் திருகு கெட்டுவிடும். அதற்கான கருவியால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். மெக்கானிக் தம்பி அப்படித்தான் திருகினார். பிஸ்டனில் துரு அரித்த குழிகள் தெரிந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. குழி விழுந்த பிஸ்டன் ரப்பரைக் கிழிக்கும், ஆயில் கசியும். வலது காலிபர் புதிது, பேடுகள் இரண்டு பக்கமும் புதிது, பிரேக் ஆயில் முழுக்கப் புதிது. இடது பக்கம் காலிபர் நகரும் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவினோம். சாதா கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

வேளாங்கண்ணி வரை ஓட்டிப்போய், சக்கரங்களைத் தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தோம். பின்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் சுட்டிருந்தால் மறுபடி கழற்றியிருப்போம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊரில் வண்டியை விட்டுப் போகும்போது சமதளத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஹேண்ட்பிரேக் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது பத்தடி நகர்த்தி, பிரேக்கை நாலு தடவை மிதிக்கட்டும். யாரும் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், பக்கத்து ஊர் என்றால் நானே போகிறேன்.