சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்

அக்கா மகன் வீட்டில் மாரியோ குதிக்க மறுத்துவிட்டான். ஓடுகிறான், நிற்கிறான், எதிரே வரும் காளான்மேல் முட்டிச் சாகிறான். குதிக்க மட்டும் மாட்டேன் என்கிறான். பையன் ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கையளவுக் கணினியில், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி, என்னுடைய பள்ளிக்கால டிவி கேமின் ஜாய்ஸ்டிக்கை ஒரு யுஎஸ்பி அடாப்டர் வழியாக அதில் சொருகியிருந்தான். பட்டன் மேப்பிங் சரியில்லை என்று இரண்டு வாரக் கடைசிகளை அதிலேயே தொலைத்தான். நான் ஒரு கடையில் கொடுத்தேன். ஒயரைப் புதிதாக மாற்றி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மாரியோ அப்போதும் குதிக்கவில்லை.

நண்பர் ஒருவர்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு அனுப்பினார். "மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். பேர் கேட்காதே, யாருக்கும் தெரியாது. கேம் பாய்னு கேளு."

அண்ணா சாலை இரைச்சலிலிருந்து திரும்பினால் இன்னொரு இரைச்சல். சிசிடிவி கேமரா, எல்இடி பட்டை, சார்ஜர் மலை. அதையெல்லாம் தாண்டி, பள்ளிக்கூட பெஞ்சு அகலத்தில் ஒரு மேசை. அறுபதை நெருங்கும் மனிதர். நான் பையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுப்பதற்குள் கேட்டார்:

"எல்லாப் பட்டனும் போச்சா, ஒண்ணா?"

"ஒண்ணுதான் பாய். ஏ பட்டன்."

"அப்ப ஒயரை எதுக்கு மாத்தினீங்க?"

புது ஒயரின் பளபளப்பைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். எனக்கு அவர் சொன்னது புரியப் பத்து நிமிடம் ஆனது. ஜாய்ஸ்டிக்கில் பட்டன் எட்டு. உள்ளே போகும் கம்பியோ ஐந்துதான். அதில் இரண்டு கரண்டுக்கு. மீதி மூன்றில் ஒன்று "இப்போது பார்" என்று மிஷின் சொல்வதற்கு, ஒன்று "அடுத்தது, அடுத்தது" என்று தட்டுவதற்கு, ஒன்று பதில் வருவதற்கு. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாமின் ஏற்பாடு இது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம்கள் பெரும்பாலும் அதன் நகல்கள்தான். அசலில் 4021 என்று ஒரு சிப் இருக்கும். நகலில் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், பிறகு நான்கு திசைகள் என்று வரிசையாக, விநாடிக்கு அறுபது தடவைவரை மிஷின் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டுப் பதிலும் ஒரே கம்பியில் வருவதால், அது அறுந்தால் எட்டும் போகும். ஒன்று மட்டும் போகாது.

"அடுத்தது சொல்ற ஒயர் கட்டானா வேற கூத்து சார். ஏ அமுக்கினா எட்டையும் அமுக்கின மாதிரி ஆகும்" என்று சிரித்தார். வரிசையில் முதலில் நிற்பது ஏ. தட்டிவிட ஆளில்லாவிட்டால் மிஷின் அதையே எட்டு முறை படிக்கும்.

அவருடைய சொந்த மிஷினில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் குதிக்கவில்லை. பையனின் மேப்பிங்மேல் இருந்த பழி அத்தோடு நீங்கியது. வீட்டிலேயே வேறொரு ஜாய்ஸ்டிக்கை மாட்டிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும் என்றார். தோன்றவில்லை, என்ன செய்ய.

திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் ரப்பரில் ஒரு குமிழ். குமிழின் அடியில் சின்ன மாத்திரைபோல் கறுப்பாகக் கார்பன். பட்டனை அமுக்கினால் அந்தக் கார்பன் பலகையின் இரண்டு கோடுகளைத் தொட்டு இணைக்கும். பாய் மீட்டரின் இரு முனைகளையும் கார்பன்மேல் வைத்தார். பி பட்டனில் சில நூறு ஓம். ஏ பட்டனில் எண் ஆயிரங்களில் ஏறி, நிலைகொள்ளாமல் தள்ளாடியது. பஞ்சில் ஐசோப்ரொபைல் தொட்டுத் துடைத்து மறுபடி வைத்தார். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. "அழுக்கில்ல சார், தேய்மானம். நல்லா குதிச்சிருக்கீங்க."

நன்றாகத்தான் குதித்தேன். திசைப் பட்டனில் வலது கைதான் முதலில் தேயும் என்றும் சொன்னார். மாரியோ வலப்பக்கம்தானே ஓடுகிறான்! குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் கைவிளையாட்டுக்காக அந்தச் சிலுவை வடிவப் பட்டனைக் கொண்டுவந்தபோது, ரிச்சி தெருவில் ஒருவர் அதன் வலது கையை மட்டும் ஆயுள் முழுக்கச் சரிசெய்வார் என்று நினைத்திருப்பாரா?

பாய் வாணியம்பாடிப் பக்கம். பதினாறு வயதில் மாமாவின் ரேடியோ கடைக்கு டீ வாங்கிவர வந்தவர். மணிக்கணக்குக்கு வீடியோ கேம் வாடகைக்கு விட்ட கடைகள் பெருகியபோது, ஜாய்ஸ்டிக்குகள் கோணிப்பையில் வந்தனவாம். "மே மாசம் பூரா வீட்டுக்கே போனதில்லை." ஒயர் சந்தேகமானால் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விரல் விரலாக வளைத்துக்கொண்டே போவார். சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும் இடத்தில் வெட்டு. பெரும்பாலும் அது ஜாய்ஸ்டிக்கின் கழுத்து. கம்பியின் நிறத்தை நம்பவே மாட்டார். நகல் கம்பெனிகள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கும்.

பேச்சினிடையே ஒருவர் விளையாட்டுத் துப்பாக்கியோடு வந்தார். சுட்டால் திரையில் வாத்து விழுவதில்லையாம். என்ன டிவி என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பாய். குதிரையை இழுத்ததும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். குழாய் டிவியில் அது நொடி பிசகாமல் வரும். தட்டை டிவி தாமதிக்கிறது. "துப்பாக்கி மேல தப்பில்ல சார், பழைய டிவி தேடுங்க." காசு வாங்கவில்லை.

இந்த ரப்பர் தனியாகக் கிடைக்காதா? கிடைக்காது. மொத்த வியாபாரி முழு ஜாய்ஸ்டிக்கைத்தான் விற்பான், அதன் ரப்பரோ முதல் நாளே தொளதொள. இன்னொரு கூட்டம், காயலான் கடையில் பழைய செட்டைக் கிலோ கணக்கில் அள்ளி, பாயிடம் 80 ரூபாய்க்குச் சரிசெய்து வாங்கி, 'விண்டேஜ்' என்று பெயர்சூட்டி ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு விற்கிறது. உயிர் கொடுத்தவனுக்கு எண்பது, படம் எடுத்துப் போட்டவனுக்கு மீதி. கைத்தறியிலும் பார்த்தோம், கோரைப்பாயிலும் பார்த்தோம், இங்கேயும் அதே கணக்கு. வயிறெரிந்து நான் பொரிந்து தள்ள, பாய் ஈயத்தை நிமிண்டியபடி, "அவன் எடுக்கலைன்னா காயலான் கடைக்காரன் உடைச்சு பிளாஸ்டிக்கா வித்திருப்பான் சார்" என்றார். எனக்கு அந்தச் சமாதானம் ஒப்பவில்லை.

பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின் வந்தது. நிறையச் செத்துப்போன டிவி ரிமோட்டுகள். ஒன்றைப் பிளந்து ரப்பரை உரித்தார். வால்யூம், சேனல் குமிழ்கள் தேய்ந்து பளிங்காகியிருந்தன. அடியில் நான்கு மட்டும் புத்தம் புதிது: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். டெலிடெக்ஸ்ட்டுக்கு என்று வைத்தவை. நம்மூரில் யார் அமுக்கினார்கள்? சிவப்பின் கார்பனை பிளேடால் சீவி எடுத்து, மீட்டர் வைத்துத் தலையாட்டி, என் ஏ பட்டனின் அடியில் சிலிகான் பசை தொட்டு ஒட்டினார். "காயணும். நாளைக்கு வாங்க."

மறுநாள் 120 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். மாரியோ குதிக்கிறான்.

வீட்டில் உடைந்த ரிமோட் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். உங்கள் ஊர் ரிப்பேர் கடைக்காரர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். அந்த நான்கு பட்டன்களும் இன்னும் புதிதாகத்தான் இருக்கும்.